மிசாவா–கவாடாவா, ஒகாடா–ஒமேகாவா?

ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தில் ஒரே ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? ரசிகர்கள் பேச்சில் இந்த இரண்டும் தவறாமல் வந்துவிடும். ஒன்று, 1994 ஜூன் 3 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகானில் மிட்சுஹரு மிசாவாவும் டோஷியாகி கவாடாவும் மோதியது. மற்றது, 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் மோதியது. இரண்டிலும் சாம்பியனே பெல்ட்டைத் தக்கவைத்தார்: 1994-இல் மிசாவா, 2017-இல் ஒகாடா. இரண்டையும் பலமுறை பார்த்துவிட்டேன். என் ஓட்டு 1994-க்குத்தான்.

2017 ஆட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 46 நிமிடம் 45 வினாடி ஓடியும் அலுக்காது. ஒமேகாவைக் கயிற்றுக்கு மேலே தூக்கி, ரிங்குக்கு வெளியே கிடந்த மேசை மீது ஒகாடா எறியும் இடத்தில், மல்யுத்தமே பார்க்காதவர்கள்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ஒகாடாவின் பிடிவாதம். ஆட்டத்தை முடிக்க அவர் கழுத்துப் பக்கமாக வீசும் கை அடியான ரெயின்மேக்கரை அடிக்க எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார் அல்லவா, அந்தக் கையை இருவரும் விழுந்த பிறகும் விடுவதில்லை. இன்னொரு பக்கம், ஒமேகா தன் முடிப்பு அடியான ஒன்-விங்டு ஏஞ்சலை ஆட்டம் முழுக்க முயன்றும் ஒருமுறைகூடப் போட முடியவில்லை. அடுத்த மோதலுக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது.

சரி, பிறகு ஏன் 1994?

மிசாவாவும் கவாடாவும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் பயின்றவர்கள். மிசாவா ஒரு வருடம் சீனியர். டைகர் மாஸ்க் என்ற பெயரில் முகமூடியோடு ஆடி வந்த மிசாவா, 1990 மே மாதம் ஒரு ஜோடி ஆட்டத்தின் நடுவே அதைக் கழற்றி எறிந்தார். முடிச்சை அவிழ்த்துவிட்டது அன்று அவருக்கு ஜோடியாக நின்ற கவாடா. அந்த ஜூனியர்தான் நான்கு வருடம் கழித்து, 1994 சாம்பியன் கார்னிவல் தொடரை வென்ற கையோடு, டிரிப்பிள் கிரவுன் சாம்பியன் பட்டத்துக்காக எதிரே வந்து நிற்கிறார்.

இந்த ஆட்டத்தில் மேசையும் இல்லை, பெரிய தாவல்களும் இல்லை. மிசாவாவின் முழங்கை அடி, கவாடாவின் உதை, இரண்டையும் வைத்தே பெரும்பகுதி நகர்கிறது. ஆனால் ஒவ்வொரு முழங்கை அடிக்கும் அரங்கமே அதிர்கிறது. அடி வாங்கிய கவாடா உடனே விழமாட்டார். கால் தள்ளாடும், முட்டி மடங்கும், ஒரு நொடி நின்று பார்ப்பார், அப்புறம்தான் சரிவார். அந்த ஒரு நொடியில் ‘இன்னும் தாங்குவேன்’ என்ற வீம்பு அவர் முகத்தில் தெரியும். ஒகாடாவும் ஒமேகாவும் பத்து பெரிய அடிகளில் சேர்க்கும் பதற்றத்தை, கவாடா விழும் விதம் ஒன்றே கொண்டுவந்துவிடுகிறது.

முடிவு சுமார் 36-வது நிமிடத்தில் வருகிறது. எதிராளியின் இரு கைகளையும் பின்னால் மடக்கித் தூக்கி, கழுத்தும் தலையும் தரையில் மோதும்படி இறக்குவது டைகர் டிரைவர் ’91. கை ஊன்ற வழியே கிடையாது. மிசாவா இதை மிக அபூர்வமாகத்தான் எடுப்பார். வேறு எதற்கும் கவாடா அடங்கவில்லை என்பதை அந்த ஒரே அடி சொல்லிவிடுகிறது. 2009-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆட்டத்தில் தலைகுப்புற விழுந்த மிசாவா அன்றே இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்தக் காட்சியை என்னால் பழைய ஆரவாரத்தோடு பார்க்க முடிவதில்லை. இருந்தாலும் பார்க்கிறேன்.

புதியவர்கள் 2017-இல் தொடங்கலாம். முன்கதை தெரியாமலே பிடித்துப்போகும். அது பிடித்திருந்தால் ஒரு முழு மாலையை ஒதுக்கிவிட்டு 1994-க்கு வாருங்கள். கூடவே 1998 மே 1 டோக்கியோ டோம் ஆட்டத்தையும் எடுத்து வையுங்கள். அன்றைக்குத்தான் கவாடா அந்தப் பட்டத்தை மிசாவாவிடமிருந்து பறித்தார்.