மின்தடைக்கு முந்தைய மாலை: எங்கள் வீட்டுக் கணினியும் பேக்கப் பழக்கமும்

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கணினி. கணவரின் சுங்குடிச் சேலை வியாபாரத்துக்காக டேலி என்ற மென்பொருளில் எழுதும் கணக்கு, டிசைன் படங்கள், பிள்ளைகளின் புகைப்படங்கள், மாமனார் காலத்துப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். எந்த ஹார்டு டிஸ்க் வாங்கலாம் என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். எதை இழந்தால் தாங்க முடியாது என்று முதலில் எழுதிப் பாருங்கள் என்பேன். கணக்குக்குச் சட்டமே காலம் வைத்திருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், அந்த வருடத்து ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதற்குள் வீட்டுக் கணினியே ஒருமுறை மாறிவிடும்.

நாங்கள் பல ஆண்டுகளாகப் பின்பற்றுவது 3-2-1 என்ற முறை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு இது. கணினியில் இருப்பது மூலம். பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க். மேலூரில் நாத்தனார் வீட்டில் இன்னொன்று. டேலியும் பத்திரங்களும் மட்டும் கூடுதலாக கூகுள் டிரைவில். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதால் படங்களை அங்கே ஏற்றுவதில்லை.

முறை எதுவானாலும் அதைத் தொடர்ந்து செய்வதுதான் கடினம். எங்களுக்குக் கைகொடுத்தது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. நாளை எந்தெந்தப் பகுதியில் மின்சாரம் இருக்காது என்று நாளிதழில் செய்தி வரும். எங்கள் பகுதியின் பெயரைப் பார்த்தால் அன்று மாலையே பீரோவிலிருந்து டிஸ்க் வெளியே வந்துவிடும். செல்போன் நினைவூட்டலைத் தள்ளிப்போடலாம், மின்தடையைத் தள்ளிப்போட முடியாது. வியாபாரம் சூடுபிடிக்கும் தீபாவளிக்கு முன் மட்டும் வாரம் ஒருமுறை எடுக்கிறோம்.

பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுவேன். இந்த ஒன்றில் நான் மிகவும் கண்டிப்பு. 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள், கணினியில் செருகியிருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்துப் பூட்டிவிடும். எந்நேரமும் செருகியிருக்கும் டிஸ்க்கை நான் பிரதியாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி மணிக்கொருமுறை பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் நல்ல வசதிதான். ஆனால் டிஸ்க் இணைந்தே இருந்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

இப்போது பயன்படுத்துவது, ஃபோல்டர்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள். அதில் மிரர் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், கணினியில் தவறுதலாக அழித்த ஃபைல் டிஸ்க்கிலும் அழிந்துபோகும். அதனால் வெர்ஷனிங்கை இயக்கி வைத்திருக்கிறேன். நீங்கும் ஃபைல்கள் தேதியிட்ட தனி ஃபோல்டருக்குப் போய்விடுகின்றன. டேலியை மூடிய பிறகே அதன் டேட்டா ஃபோல்டரை நகலெடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது.

இந்த ஏற்பாடு ஒருமுறை உண்மையாகவே சோதிக்கப்பட்டது. கணினிக்குள் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோனது. பழைய ஹார்டு டிஸ்க்காவது முனகும், மெதுவாகும். இது காலையில் இருந்தது, மதியம் இல்லை. புதியது பொருத்தி, விண்டோஸ் நிறுவி, அன்று இரவே டேலியைத் திறந்துவிட்டோம். கடைசி பேக்கப்புக்குப் பிந்தைய பில்களும் கூகுள் டிரைவில் இருந்தன. படங்கள் வர மறுநாள் ஆனது. அப்போது எனக்கு உண்டான நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

திரும்பி வந்தும் படிக்க முடியாமல் நின்றவை பழைய தமிழ் ஃபைல்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த விலைப்பட்டியல்களும் கல்யாணப் பத்திரிகைகளும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த வரிகளாகத் திறந்தன. ஃபைல் பத்திரமாக இருந்தும் எழுத்துரு இல்லாததால் வந்த வினை. உறவினர் ஒருவரின் கணினியிலிருந்து அந்த எழுத்துருக்களை வாங்கிப் போட்டோம். தமிழில் நீண்ட காலமாகத் தட்டச்சு செய்துவரும் ஒவ்வொரு வீடும் இதைக் கவனிக்க வேண்டும். எழுத்துரு ஃபோல்டரையும் பேக்கப்பில் சேருங்கள். முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூருக்குப் போகும் டிஸ்க்கில் பத்திரங்கள் இருப்பதால் அது கடவுச்சொல்லால் பூட்டியே போகிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் என்ற மைக்ரோசாஃப்டின் பூட்டு வசதியைக் கொண்டு வெளி டிஸ்க்கைப் பூட்ட முடியாது. எனவே அதற்கு வெராகிரிப்ட் என்ற தனி மென்பொருள். கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறந்து தர முடியாது என்பதால் அதைத் தாளில் எழுதி, நகைகளோடு வைத்திருக்கிறோம். கணவருக்கும் மூத்த மகளுக்கும் இடம் தெரியும். டிஸ்க்கை மாற்றும்போது, புதிதாக நிரப்பியதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவோம். நாத்தனாரிடம், "அண்ணி வரும்வரை இதை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு டிஸ்க்குகளும் ஒரே வீட்டில் ஓர் இரவுகூடத் தங்குவதில்லை.

முழுவதையும் இணையத்தில் ஏற்றினால் என்ன என்று மகள் கேட்கிறாள். அப்லோடு வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி. 500 ஜிபி ஏற்ற ஒரு நாளுக்கும் மேல் ஆகும். ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு புதியவை மட்டும்தான். மாதக் கட்டணம் பழகிவிட்டால் அதுவும் நல்ல வழியே. இப்போதைக்கு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மதுரை வெயிலுக்கு யுபிஎஸ் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும், ஆண்டுக்கொருமுறை சோதித்துப் பாருங்கள். டிஸ்க் வாங்கும்போது 2.5 அங்குல வகையைக் கேளுங்கள். யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்டர் வேண்டும். அதை யுபிஎஸ்ஸில் செருகாவிட்டால் நடுவில் மின்சாரம் போகும்போது நகலெடுப்பும் அறுந்துவிடும். இரண்டு டிஸ்க்குகளையும் வெவ்வேறு கம்பெனியில் வாங்கினால், ஒரே குறையால் இரண்டும் சேர்ந்து பழுதாகும் வாய்ப்பு குறையும்.