பைப் ரவுட்டிங் வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்திற்கு

யாழ்ப்பாண நகரில் இயங்கும் ஒரு தனியார் கணினிப் பயிற்சி நிலையம், "சொலிட்வேர்க்ஸில் பைப், ரியூப் ரவுட்டிங் முழுமையான பயிற்சி, சர்வதேசச் சான்றிதழ், வளைகுடா வேலைக்கு வழிகாட்டல்" என்று விளம்பரம் செய்துவருகிறது. சொலிட்வேர்க்ஸ் என்பது கணினியில் முப்பரிமாணமாக வரையும் மென்பொருள்; ரவுட்டிங் என்பது அதில் பைப் லைன்களை இணைப்புத் துண்டுகளோடும் வெட்டு நீளங்களோடும் வரையும் பகுதி. அந்த நிலையத்தில் ரவுட்டிங் கற்பிக்கப்படுவதில்லை. அதைக் கற்பிப்பதற்கான வசதியே அந்த வகுப்பறைக் கணினிகளில் இல்லை. என் அக்காவின் மகன் 85,000 ரூபா கட்டிப் படித்து முடித்த பிறகுதான் இது வெளியே வந்தது. முறைப்பாடு ஒன்று விசாரணையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் பெயர் தெரியாமலேயே இப்படிப்பட்ட வகுப்பை எவரும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நான் சுன்னாகத்தில் பட்டறை வைத்திருப்பவன். தண்ணீர்த் தாங்கி, மாடிப்படிக் கைபிடி, அரிசி ஆலைகளுக்கு நீராவி லைன் என்று எது வந்தாலும் செய்வோம். கணினியில் ஒரு கோடு இழுக்க எனக்குத் தெரியாது. பைப் தெரியும்.

மருமகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன், கெட்டிக்காரன். வகுப்பை முடித்துக்கொண்டு அவன் என்னிடம் வந்த நேரத்தில், பரந்தன் பக்கத்தில் ஓர் அரிசி ஆலைக்கு வேலை வந்திருந்தது. பொயிலரிலிருந்து நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு 2 அங்குல நீராவி லைன் போட வேண்டும். அளவுகளைக் கொடுத்து, வரைந்துகொண்டு வா என்றேன். மடிகணினியைத் திறந்து காட்டினான். பளபளக்கும் பைப், வழுவழுப்பான வளைவுகள், விரல் அசைத்தால் முழு லைனும் சுழன்று திரும்புகிறது. ஆலை முதலாளி பார்த்திருந்தால் முற்பணத்தைக் கூட்டித் தந்திருப்பார்.

"தம்பி, முதலாவது எல்போவுக்கும் இரண்டாவது எல்போவுக்கும் நடுவில் வருகிற துண்டை என்ன நீளத்துக்கு வெட்ட?" என்று கேட்டேன்.

"1000 மில்லிமீற்றர், மாமா."

அந்த 1000 என்பது மூலையிலிருந்து மூலைக்கு உள்ள மையக்கோட்டின் நீளம். பைப்பின் நீளம் அல்ல. எல்போ என்பது லைனைத் திருப்பும் வளைவுத் துண்டு. 2 அங்குல நீள்ஆர எல்போ ஒன்று அதன் மையத்திலிருந்து பைப் ஒட்டும் முகம் வரை 76 மில்லிமீற்றரைத் தானே எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கழித்தால் 848. வெல்டிங் இடைவெளிக்கு ஒரு முனைக்கு 2 மில்லிமீற்றர் விட்டால் 844. அவன் சொன்னபடி 1000 வெட்டி ஒட்டியிருந்தால் அடுத்த எல்போ 156 மில்லிமீற்றர் தள்ளி, தொட்டியின் வாயைத் தாண்டிப் போய் நின்றிருக்கும்.

பிறகு பைப்பின் வெளிவிட்டம் எவ்வளவு போட்டாய் என்று கேட்டேன். 50.8 என்றான். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஆகவே 2 அங்குலம் 50.8 என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. 2 அங்குல இரும்பு பைப்பின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர். 2 அங்குலம் என்பது பெயருக்குச் சொல்லும் அளவு, அதாவது பெயரளவு. 12 அங்குலம் வரைக்கும் பெயரும் வெளிவிட்டமும் பொருந்தாது. 14 அங்குலத்திலிருந்து மேலேதான் இரண்டும் ஒன்றாகும். ஸ்கெடியூல் 40 என்றால் சுவர்த் தடிப்பு 3.91, ஸ்கெடியூல் 80 என்றால் 5.54, எது ஆனாலும் வெளிவிட்டம் அதே 60.3 தான், உள்வழிதான் சுருங்கும். என் பட்டறைக்கு வேலை பழக வருகிற பையனுக்கு முதல் வாரமே தெரிந்துவிடும் சங்கதி இது. 50.8 என்பதும் இல்லாத அளவு அல்ல. பால் ஆலைகளில் போடும் 2 அங்குல ஸ்ரெயின்லெஸ் ரியூப்புக்கு அதுதான் வெளிவிட்டம். ரியூப்பை உண்மையான வெளிவிட்டத்தால் அழைப்பார்கள், பைப்பைப் பெயரளவால் அழைப்பார்கள். பைப்பும் ரியூப்பும் கற்பிக்கிறோம் என்று பணம் வாங்கியவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தையாவது சொல்லியிருக்க வேண்டாமா?

வளைவின் ஆரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "50 போட்டால் பார்க்க வடிவாக இருக்கும் என்று சேர் சொன்னவர்" என்றான்.

கொழும்பில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிற நண்பரின் மகளிடம் இந்தக் கோப்பை அனுப்பினோம். திறந்து பார்த்த உடனேயே சொல்லிவிட்டாள்: இதில் ரவுட்டிங் எதுவும் இல்லை, ஒரு முப்பரிமாணக் கோட்டை வரைந்து, அதன் வழியே ஒரு வட்டத்தை இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்வீப் என்பது அந்தக் கட்டளையின் பெயர். பாடத்தின் தொடக்க நாட்களிலேயே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற அடிப்படைக் கட்டளை. வெளியே பார்க்க பைப் மாதிரி இருக்கும். உள்ளே எல்போ இல்லை, பிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு) இல்லை, எந்தத் துண்டு எவ்வளவு நீளம் என்ற கணக்கு இல்லை. பொயிலர் வாயிலிருந்து தொட்டி வரை ஒரே கட்டையாகக் கிடக்கும்.

உண்மையான ரவுட்டிங் எப்படி இருக்கும் என்று வட்ஸ்அப் வழியாகத் தன் திரையைக் காட்டினாள். நூலகத்திலிருந்து ஒரு பிளாஞ்சை எடுத்துப் பம்பின் வாயில் வைத்தாள். பைப் எந்தப் புள்ளியில் தொடங்க வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும் என்பது அந்தப் பிளாஞ்சுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. வைத்ததும் ரவுட் தொடங்கிவிட்டது. மையக்கோட்டை இழுத்துக்கொண்டு போகப் போக, திருப்பங்களில் எல்போ தானாக வந்து உட்கார்ந்தது. எல்போ எடுத்துக்கொண்ட இடத்தைக் கழித்து நேர்த்துண்டுகள் வெட்டுப்பட்டு நின்றன. பிறகு விட்டத்தை 2 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்கு மாற்றினாள். பைப் 88.9 மில்லிமீற்றர் ஆனது, எல்போவின் 76 மில்லிமீற்றர் 114 ஆனது, துண்டுகளெல்லாம் அதற்கேற்பக் குறுகின. கடைசியில் பொருட்பட்டியலை எடுத்தாள். எந்த விட்டத்தில் எந்த நீளத்தில் எத்தனை துண்டு, எல்போ எத்தனை, பிளாஞ்ச் எத்தனை என்று வரிசையாக வந்தது. அந்தப் பட்டியலை அச்சடித்துத் தந்தால் நான் கேள்வி கேட்காமல் வாளை எடுத்து வெட்டத் தொடங்குவேன். மருமகன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்தத் திரையை வகுப்பில் ஒரு நாளும் பார்க்கவில்லை என்றான்.

நிலையத்துக்கு நேரில் போனோம். கற்பித்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ரவுட்டிங்கைத் திறந்து காட்டுங்கள் என்றோம். சொலிட்வேர்க்ஸில் அது தனியான துணைநிரல் (அட்-இன்). பிரீமியம் பதிப்போடுதான் வரும், ஸ்டாண்டர்ட்டிலும் புரொபெஷனலிலும் வராது. அட்-இன் பட்டியலைத் திறந்தார், அதில் ரவுட்டிங் இல்லை. "இங்கே உள்ள பதிப்பில் இல்லை, ஆனால் அதே வேலையை வெல்ட்மென்ட் மூலமும் செய்யலாம், அதுவும் வெட்டுப்பட்டியல் தரும்" என்றார். வெல்ட்மென்ட், அதாவது வெல்டிங் சட்டகங்களை வரையும் பகுதி, கெட்ட சாமான் அல்ல. கைபிடி வேலிக்கும் இரும்புச் சட்டகத்துக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அங்கே மூலையில் இரண்டு பைப்பும் சாய்வாக வெட்டி முட்டவைக்கப்படும். நீராவி லைனின் மூலையை அப்படி வெட்டி ஒட்டி பொயிலரைத் திறந்துவிட நான் துணியமாட்டேன், அவரும் துணியமாட்டார். அதைச் சொன்னதும் வந்த பதில்தான் என்னை இந்தப் பதிவை எழுதவைத்தது: "இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும், அண்ணை."

போதுமா இல்லையா என்பதை விளம்பரத்தில் எழுதியிருக்கலாம். அக்கா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தது முழுமையான பயிற்சிக்கு, அவர் போதும் என்று நினைக்கிற அளவுக்கு அல்ல.

ரியூப் பகுதி இதைவிட மோசம். அதே வட்டத்தைச் சிறிதாக்கி, அதே கோட்டில் இழுத்து, ரியூப் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ரியூப் லைனில் பெரும்பாலும் எல்போ வைத்து ஒட்டுவதில்லை, இயந்திரத்தில் வளைப்போம். வளைவின் ஆரத்தைத் தீர்மானிப்பது டை, அதாவது ரியூப்பை வளைக்கும் அச்சு. கையில் எந்த டை இருக்கிறதோ அந்த ஆரம்தான் கிடைக்கும். இரண்டு வளைவுகளுக்கு நடுவில் பிடிப்பான் பற்றிக்கொள்ள நேரான துண்டு மிஞ்ச வேண்டும். மருமகனின் பாடக் கோப்பில் ஒரு வளைவு முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்குகிறது, அதுவும் வேறு திசையில். என் பட்டறை இயந்திரத்தில் அதை வளைக்க முடியாது. ரவுட்டிங்கில் வளைவின் ஆரத்தை முதலிலேயே கொடுத்து வைக்கலாம். எவ்வளவு தூரம் தள்ளி, எத்தனை பாகை சுழற்றி, எத்தனை பாகை வளைப்பது என்ற அட்டவணையையும் எடுக்கலாம். அந்த அட்டவணை கிடைப்பதற்காகத்தான் ரியூப்பைக் கணினியில் வரைகிறோம்.

சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடித்த தாள், பொன்னிற ஓரம், மென்பொருள் நிறுவனத்தின் சின்னம் எல்லாம் இருக்கிறது. சரிபார்க்க ஓர் எண் மட்டும் இல்லை. சொலிட்வேர்க்ஸின் உண்மையான சான்றிதழ்கள், சி.எஸ்.டபிள்யூ.ஏ., சி.எஸ்.டபிள்யூ.பி. போன்றவை, இணைய வழித் தேர்வு எழுதிப் பெறுபவை. எவரும் சரிபார்க்கக்கூடிய அடையாள எண் அவற்றுக்கு உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இருக்கிறதா என்று கேட்டோம். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றார்கள். நிலையம் பதிவுசெய்யப்பட்டிருப்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்குத் தரச்சான்று கிடைத்திருப்பது வேறு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஆங்கில வகுப்புக்குக் கிடைத்த பதிவைச் சட்டகம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள்.

வளைகுடா வேலை என்ற பேச்சைக் கேட்டுத்தான் அந்த வகுப்பில் பலர் சேர்ந்திருக்கிறார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் பெரிய இரசாயன ஆலைகளிலும் பைப் வரைபவர்களிடம் கேட்பது ஓட்டோகாட் பிளான்ட் 3டி, அவீவா ஈ3டி போன்ற ஆலை வடிவமைப்பு மென்பொருட்களை; ஐசோமெற்றிக் வரைபடத்தை (பைப் லைனைச் சாய்கோணத்தில் காட்டும் வரைபடத்தை)ப் படித்து விளங்கிக்கொள்ளும் திறனையும் கேட்பார்கள். சொலிட்வேர்க்ஸ் ரவுட்டிங் இயந்திரங்களுக்கும் சிறிய பம்புத் தொகுதிகளுக்கும் ஏற்றது. அதை ஒழுங்காகக் கற்றிருந்தாலும்கூட, சுத்திகரிப்பு ஆலை வேலைக்கு அது நேர்ப்பாதை அல்ல. இதை விளம்பரம் சொல்லாது.

பாடம் முடியும்போது மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவ வேண்டும் என்ற அறிவுரையுடன். அந்த பென் டிரைவ் இப்போது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. எந்தக் கணினியிலும் செருகவிடவில்லை.

பணம் கட்டும் முன் ஒரு செயல்விளக்கம் கேளுங்கள். இரண்டு திருப்பமுள்ள ஒரு லைனை உங்கள் கண் முன்னால் வரைந்து, அதை 2 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்கு மாற்றி, வெட்டு நீளங்களுடன் பொருட்பட்டியலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு இது தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிகிற வேலை. எல்போ ஒவ்வொன்றையும் கையால் நகர்த்தத் தொடங்கினாலோ, அது கடைசிப் பாடத்தில் வரும் என்று சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். 2 அங்குல பைப்பின் வெளிவிட்டம் என்ன என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள், 50.8 என்று வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள், பற்றுச்சீட்டில் "கணினிப் பயிற்சி" என்று பொதுவாக எழுதவிடாமல் பாடநெறியின் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மருமகனின் பற்றுச்சீட்டில் வெறும் "காட் வகுப்பு" (கணினியில் வரையும் வகுப்பு) என்றுதான் இருக்கிறது, அதைத்தான் இப்போது அவர்கள் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள்.

தானாகவே கற்க நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சொலிட்வேர்க்ஸின் உள்ளேயே வரும் பயிற்சிப் பாடங்களில் ரவுட்டிங்குக்கும் பாடம் உண்டு. பிரீமியம் உள்ள கணினி ஒன்று கிடைத்தால் போதும். தகுதியுள்ள கல்வி நிறுவன மாணவர்களுக்கு ஓட்டோடெஸ்க் தன் மென்பொருட்களை ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம்; அவற்றில் ஒன்றான இன்வென்ரர் புரொபெஷனலில் இதே வேலைக்கான ரியூப் அன்ட் பைப் என்ற பகுதி இருக்கிறது. எதற்கும் வசதி இல்லை என்றால் ஃப்ரீகாட் என்ற மென்பொருள் முழுவதும் இலவசம், அதில் டோடோ என்ற துணைநிரலைச் சேர்த்தால் பைப், எல்போ, பிளாஞ்ச் எல்லாம் அளவுப்படி வரும். மருமகன் இப்போது அதில்தான் பழகுகிறான். பரந்தன் லைனை அதில் திரும்ப வரைந்தபோது வெளிவிட்டத்தைத் தானே 60.3 என்று போட்டான்.

பணம் திரும்பக் கேட்டதற்கு முதலில் "படித்து முடித்த பிறகு திருப்பித்தர முடியாது" என்றார்கள். விளம்பரத்தின் படம், பற்றுச்சீட்டு, பாடக் கோப்புகள் ஆகியவற்றை இணைத்துக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு, 20,000 ரூபா தருவதாகவும் இதோடு விட்டுவிட வேண்டும் என்றும் தொலைபேசியில் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். சேவைக்கும் முறைப்பாடு செய்யலாம், கடையில் வாங்கிய சாமானுக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தள்ளிப்போடாமல் உடனே கொடுப்பது நல்லது.

அந்த வகுப்பில் படித்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத் துண்டுப்பிரசுரத்தையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். பிள்ளை வரைந்த பாடக் கோப்புகளைத் திருத்தாமல், சேமித்த திகதியோடு அப்படியே வைத்திருங்கள்.