வேலைநீக்கம்: அரசு ஊழியரா, பொதுத்துறைத் தொழிலாளியா?

வட்டாட்சியர் அலுவலக இளநிலை உதவியாளருக்கும் திருச்சி பெல் (மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம்) தொழிலாளிக்கும் ஊரில் ஒரே பெயர்தான்: 'கவர்மென்ட் வேலை'. வேலை பறிபோகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

உதவியாளருக்கு அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு காவல். குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் கேட்காமல் நீக்க முடியாது. ஆனால் அதே பிரிவில் ஓட்டையும் உண்டு. விசாரணை 'நடைமுறைச் சாத்தியமில்லை' என்று காரணத்தை எழுதிவைத்தால் விசாரிக்காமலே நீக்கலாம். இதை 1985இல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2003இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழக அரசு ஊழியர்கள் அவசரச் சட்டத்தால் மொத்தமாக நீக்கப்பட்டதை யார் மறப்பார்? பெரும்பாலோர் பிறகு திரும்பினார்கள். அது வேறு கதை.

பெல் தொழிலாளிக்கு 311 கிடையாது. அவர் இருப்பது அரசுப் பதவி அல்ல, நிறுவனத்தின் வேலை. ஆனால் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. குற்றம் உண்மையானாலும் 'இதற்கு நீக்கம் அதிகம்' என்று தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு 1971இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்திடம் தொடர்கிறது. அரசு ஊழியருக்கோ, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு இருந்தால்தான் நீதிமன்றம் தலையிடும்.

சாதாரண ஒழுங்கு நடவடிக்கை என்றால் என் கணக்கில் தொழிலாளியின் நிலையே மேல். மேலாளர்களுக்கு இது பொருந்தாது. தொழிலாளி என்ற வரையறைக்குள் அவர்கள் வருவதில்லை.