விஎம்மில் நினைவகப் பழுதைச் சோதிக்க எந்த வழி?

சர்வரின் ராமில் ஒரு பக்கம் (பேஜ், நினைவகத்தின் சிறு துண்டு) பழுதானால் அந்தச் சர்வரில் ஓடும் எல்லா விஎம்களும் (மெய்நிகர் கணினிகளும்) விழ வேண்டியதில்லை. அந்தப் பக்கம் எந்த விஎம்முடையதோ அதற்குச் சேதி போய், உள்ளே அதைத் தொடும் ப்ராசஸ் மட்டும் நின்றால் போதும். 2009-இல் லினக்ஸ் 2.6.32-இல் ஹெச்டபிள்யூபாய்சன் என்ற, கெட்ட பக்கங்களைக் கையாளும் வசதி வந்ததே இதற்காகத்தான். இது ஒழுங்காக நடக்கிறதா என்று கேவிஎம், கியூஎம்யூ (லினக்ஸில் விஎம் ஓட்டும் கர்னல் வசதியும் மென்பொருளும்) வைத்திருப்பவர்கள் பார்க்க முக்கியமாக மூன்று வழிகள்.

எளிதானது கியூஎம்யூ மானிட்டரில் (அதற்குக் கட்டளை கொடுக்கும் இடம்) உள்ள எம்சிஇ கட்டளை. சிபியூ, பேங்க், ஸ்டேட்டஸ், முகவரி கொடுத்தால் கெஸ்ட்டுக்கு, அதாவது விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸுக்கு, மெஷின் செக் (வன்பொருள் பழுதுச் சேதி) போய்விடும். ஹோஸ்ட் (விஎம்மைத் தாங்கும் சர்வர்) கர்னலுக்கு இதில் வேலையே இல்லை. பெரிய குறையும் அதுதான். ஸ்டேட்டஸில் பிசிசி பிட் (சிபியூவின் நிலையே கெட்டது என்னும் குறி) தவறி ஏறினால் கெஸ்ட் நேரே பேனிக் ஆகி முழுதாக நின்றுவிடும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

என் தேர்வு இரண்டாவது: ஹோஸ்ட்டில் டீபக்எஃப்எஸ் (கர்னல் சோதனைக்கான கோப்பு அமைப்பு) வழியாகப் பக்கத்தைக் கெடுப்பது. கெஸ்ட்டில் ஒரு ப்ராசஸின் பக்கத்தை எடுத்து, பேஜ்மேப்பில் (ப்ராசஸின் முகவரி எந்த நினைவகப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் கோப்பு) அதன் கெஸ்ட் முகவரியைப் பாருங்கள். மானிட்டரில் அதைக் கியூஎம்யூவின் முகவரியாக மாற்றும் ஜிபிஏ2ஹெச்விஏ கட்டளையைக் கொடுத்து, கியூஎம்யூவின் பேஜ்மேப்பில் தேடினால் ஹோஸ்ட் பக்க எண் கிடைக்கும். அதைக் கரப்ட்-பிஎஃப்என் கோப்பில் எழுதினால் கியூஎம்யூவுக்கு சிக்பஸ் (நினைவகப் பிழைச் சிக்னல்) வரும். அது முகவரியை மாற்றிக் கெஸ்ட்டுக்கு மெஷின் செக் அனுப்பும். உள்ளே அந்தப் பக்கத்தைத் தொடும் ப்ராசஸ்தான் சாக வேண்டும். ஹோஸ்ட், கியூஎம்யூ, கெஸ்ட் என்ற முழுச் சங்கிலியும் ஓடுகிறது. அப்புறம், 1 ஜிபி ஹியூஜ்பேஜ் (ஒரே பெரிய பக்கம்) கொடுத்த விஎம்மில் 4 கேபி கெட்டாலே முழு 1 ஜிபியும் பறிபோகும் என்பதும் இதில்தான் தெரியவரும். முதல் வழியில் அது கண்ணிலேயே படாது.

இதிலும் சிபியூவின் நிஜ மெஷின் செக் எழுவதில்லை. அதற்கு ஐன்ஜே (ஃபர்ம்வேர் வழியாகப் பிழை புகுத்தும் வசதி) என்ற மூன்றாவது வழி வேண்டும். பிழை வகை 0x10 கொடுத்தால் ஃபர்ம்வேரே திருத்த முடியாத பிழையைப் புகுத்தும். ஆனால் பயாஸ் ஆதரவு இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. பிறர் வேலை ஓடும் சர்வரில் தொடவே கூடாது. புது போர்டு, புது பயாஸ் வரும்போது தனி மெஷினில் ஓட்டினால் சரி. அன்றாட சோதனைக்கு இரண்டாவதே போதும்.

அதை ஓட்டியபின் கெஸ்ட்டை ரீபூட்டும் செய்து பாருங்கள். கெட்ட பக்கத்தின் இடத்தில் கியூஎம்யூ புதுப் பக்கம் மாட்டியிருக்க வேண்டும்.