விருந்தா, வீரப் போட்டியா, சந்தையா? வகுப்பறையில் இடைக்காலக் கொண்டாட்டம்

ஐரோப்பிய இடைக்கால வரலாறு நடத்தி முடித்தாயிற்று. கோட்டை, நைட் என்கிற குதிரைவீரர், பண்ணையடிமை, பிளேக் நோய் எல்லாம் வந்து போய்விட்டன. இனி கடைசி நாளில் ஏதாவது செய்யலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்குவார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் எதைச் செய்வது என்பதில்தான் ஆசிரியர்களுக்குள் இழுபறி. பெரும்பாலும் பேச்சு மூன்றைச் சுற்றியே வரும்: பிரபுவின் மாளிகை விருந்து, நைட்டுகளின் போட்டி, சந்தை நாள். என் ஓட்டு சந்தைக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டும் மோசம் என்று அர்த்தமில்லை.

விருந்துக்குத்தான் கூட்டம் அதிகம். அட்டையில் கிரீடம், நீள மேசை, உடுப்பு என்று படம் எடுக்க அழகாக இருக்கும். சிக்கல் அந்தக் கிரீடத்திலேயே ஆரம்பிக்கிறது. யார் ராஜா, யார் ராணி என்று முடிவு செய்வதற்குள் இரண்டு பேராவது அழுதிருப்பார்கள். அப்புறம் உணவு. உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், சாக்லேட், வான்கோழி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-இல் கொலம்பஸ் போன பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தன. ஆக, விருந்துக்கென்று வீட்டிலிருந்து வருவதில் பாதி அந்தக் காலத்தவர் கண்ணால் பார்க்காதது. இதையே பாடமாக்கிவிடலாம்: பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, எதையெல்லாம் அடிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். தட்டுக்குப் பதில் பழைய ரொட்டியைத் தடிமனாக வெட்டி வைத்தால் இன்னும் ஜோர். அந்தக் காலத்தில் அதன் மேல்தான் உணவைப் பரிமாறினார்கள். குழம்பு ஊறிய அந்த ரொட்டி கடைசியில் ஏழைகளுக்கோ நாய்களுக்கோ போகும். முள்கரண்டி கிடையாது. கத்தி, கரண்டி, விரல்கள், அவ்வளவுதான். யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

இத்தனை செய்தும் எனக்கு ஒரு குறை. விருந்து காட்டுவது பிரபுவின் கூடத்தை மட்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் உழுதவர்கள், அறுத்தவர்கள். அவர்கள் யாரும் அந்த மேசையில் இல்லை. முப்பது பிள்ளைகளும் பிரபுக்களாக உட்கார்ந்தால் நிலமானிய முறை பற்றி நடத்திய பாடம் எங்கே போயிற்று?

போட்டிக்கு வருவோம். குதிரைக்குப் பதில் துடைப்பக் கட்டை, ஈட்டிக்குப் பதில் செய்தித்தாள் சுருள். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு பேர் ஓட, மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு நிற்பார்கள். சுவாரசியமான விஷயம் வேறு: தொடக்ககாலப் போட்டிகள் ஒருவருக்கு ஒருவர் மோதுவதாக இல்லை. இரண்டு அணிகள் வயல்வெளியில் முட்டி மோதும். பிடிபட்டவனின் குதிரையும் கவசமும் பிடித்தவனுக்கு, இல்லையென்றால் பணம் கட்டி மீட்க வேண்டும். இப்படியே பெயரும் பணமும் சம்பாதித்தவர்தான் வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கிலேய நைட். திருச்சபை 1130-இல் இதற்குத் தடை போட்டது. பெரிய பலன் இல்லை. 1316-இல் தடையை விலக்கியும் விட்டார்கள்.

போட்டியிலிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது கேடயச் சின்னம். அதற்கு ஒரு விதி உண்டு. மஞ்சளும் வெள்ளையும் உலோகங்களாகக் கணக்கு: மஞ்சள் என்றால் பொன், வெள்ளை என்றால் வெள்ளி. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை போன்றவை வண்ணங்கள். வண்ணத்தின் மேல் வண்ணம் வைக்கக் கூடாது, உலோகத்தின் மேல் உலோகமும் கூடாது. ஏன் என்று வாயால் விளக்க வேண்டாம். நீலத்தின் மேல் கறுப்புச் சிங்கம் வரைந்த கேடயத்தையும், மஞ்சளின் மேல் சிவப்புச் சிங்கம் வரைந்ததையும் தாழ்வாரத்தின் மறுகோடியில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் சிங்கம் தெரியும், மற்றதில் ஏதோ கறை தெரியும். முகமூடிக் கவசத்துக்குள் இருப்பவன் யாரென்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே, அதற்குத்தான் விதி.

சந்தையில் எல்லோருக்கும் வேலை உண்டு. ரொட்டி சுடுபவர், நெசவாளர், மெழுகுவர்த்தி செய்பவர், நாணயம் மாற்றுபவர், விளைச்சலோடு வரும் குடியானவர், பத்தில் ஒரு பங்கு கேட்டு வரும் திருச்சபை ஆள், கடைக்கு வரி வாங்கும் பிரபுவின் காரியக்காரர். ராஜாவே தேவையில்லை, அழுகையும் இல்லை. பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் நடந்த சந்தைகளை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பக்கம்) வியாபாரிகள் கம்பளித் துணியோடும், இத்தாலியர்கள் மசாலாப் பொருட்களோடும் பட்டோடும் வந்து கூடிய இடம் அது. வகுப்பின் இரண்டு மூலைகளுக்கு இந்த இரண்டு பகுதிகளின் பெயரை வைத்தால் போதும்.

காசுதான் எனக்குப் பிடித்த பகுதி. இங்கிலாந்தில் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது வெள்ளிப் பென்னி ஒன்றுதான். சில்லறை வேண்டுமென்றால் அதையே பாதியாக, காலாக வெட்டிக்கொள்வார்கள். கால் பென்னிக்கென்று தனியாக வட்ட நாணயம் பரவலானது 1279-க்குப் பிறகுதான். அட்டைக் காசைக் கத்தரிக்கோலோடு கொடுத்துப் பாருங்கள், பின்னக் கணக்குக்கு முகம் சுளிக்கிற பிள்ளைகூட நான்கு கால் துண்டுகளைச் சேர்த்து வைத்து எண்ணுவான். ரொட்டிக் கடையில் இன்னொரு வேடிக்கை. 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டப்படி ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். தானியம் விலை ஏறினால் ரொட்டி சின்னதாகும். நடுவில் மணியடித்து 'விளைச்சல் கெட்டுப்போயிற்று' என்று அறிவித்துவிட்டுக் களிமண் ரொட்டிகளை மறுபடி எடை போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். அதே காசுக்குச் சின்ன ரொட்டி வாங்கிய பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போதும், பஞ்சத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை.

கடன் கேட்பவர்களுக்குக் கணக்குக் குச்சி. ஒரே குச்சியில் வெட்டுக்குறி போட்டு நெடுக்காகப் பிளந்து, கொடுத்தவருக்கு ஒரு பாதி, வாங்கியவருக்கு ஒரு பாதி. சேர்த்து வைத்தால் குறிகள் பொருந்த வேண்டும், ஏமாற்ற முடியாது. வகுப்பில் இரண்டு ஐஸ் குச்சிகளைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் சேர்த்துக் கோடு இழுத்தால் சரியாகிவிடும். இங்கிலாந்தின் கருவூலம் இதை 1826 வரை விடவில்லை. 1834-இல் அந்தப் பழைய குச்சிகளை உலையில் போட்டு எரித்தபோதுதான் நாடாளுமன்றக் கட்டடமே தீப்பிடித்தது. இதைக் கேட்டுச் சிரிக்காத வகுப்பு இருக்காது.

சந்தைக்கும் தொல்லை உண்டு. தயாரிப்புக்கு ஒரு வாரமாவது பிடிக்கும், சத்தமும் அதிகம். வரி வாங்குகிற வேலையைக் குறும்புக்காரனிடம் கொடுத்தால் அரைமணியில் கலகம் வெடிக்கும். அந்த வேலைகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். அவ்வளவு நேரம் இல்லை, ஒரே பாடவேளைதான் என்றால் சந்தையை விட்டுவிட்டுக் கேடயச் சின்னத்தை மட்டும் செய்யலாம். விருந்து வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றால், சந்தையின் மூலையில் ரொட்டியும் ஆப்பிளும் வைத்து, சம்பாதித்த காசுக்கு வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்கள்.