'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்': யாரை உட்கார வைத்துப் போடலாம், யாருக்கு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தப் படத்தைப் போடாதீர்கள். இயேசு படம்தானே, பக்திப் படம்தானே, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்று தரம் போட்ட படம் இது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைப் போடலாமா என்று யாராவது கேட்டால், தயவுசெய்து வேண்டாம்.

மெல் கிப்சன் எடுத்த இந்தப் படம் 2004 பிப்ரவரி 25-ஆம் தேதி, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று அமெரிக்காவில் வெளியானது. மலேசியாவுக்கு வந்து சேர மாதக்கணக்காயிற்று. வந்தபோதும் கிறிஸ்தவர்கள் மட்டும்தான் பார்க்கலாம், டிக்கெட் தேவாலயம் வழியாகத்தான் என்று ஆனது. நிபோங் திபாலில் இருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். தோட்டத்தில் கூடவே வளர்ந்த இந்துச் சிநேகிதர்கள் வர முடியவில்லை, அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு எங்களோடு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வருகிற ஆட்கள் அவர்கள்.

அதனால் இந்தத் தவக்காலத்தில் வீட்டில் போட்டபோது அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டோம். பாட்டி, அத்தை, பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மச்சான், காலேஜில் படிக்கும் தம்பி, பக்கத்து வீட்டு அக்கா. அந்த அக்கா மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்.

படம் முழுக்க அரமேயிக், எபிரேயம், லத்தீன்தான். கீழே ஆங்கில எழுத்து ஓடும். பாட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, நாங்கள் மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தோம், தேவையே படவில்லை. இயேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு ஸ்தலமாகச் சொல்லும் சிலுவைப் பாதை ஜெபத்தை வருஷா வருஷம் முட்டி போட்டுச் சொன்னவருக்கு அடுத்து என்ன வரும் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். "இப்போ விழுவாரு பாரு", "இப்போ அந்தப் பொண்ணு துணியோட வரும் பாரு" என்று அவரே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இயேசுவின் முகம் துடைக்க அந்தத் துணி கொண்டுவரும் வெரோணிக்கா வந்ததும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது பைபிள்ல எங்க இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான்கு நற்செய்திகளிலும் வெரோணிக்கா இல்லை, மூன்று முறை விழுவதும் இல்லை. அவை கத்தோலிக்கரின் சிலுவைப் பாதை மரபில் வந்தவை. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநர் பிலாத்துவின் மனைவி, இயேசுவின் தாய் மரியாளிடம் வெள்ளைத் துணி கொடுப்பது மாதிரியான சில காட்சிகள், ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரியின் தரிசனங்களாக 19-ஆம் நூற்றாண்டில் அச்சான புத்தகத்தில் இருந்து எடுத்தவை. இதைச் சொன்னதும் மச்சான், "அப்போ இது கத்தோலிக்கப் படம்னு சொல்லுங்க" என்றார். ஆமாம், அது உண்மைதான். வேதத்தை அப்படியே எடுத்த படம் என்று விளம்பரம் பண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டி மட்டும் கோபமாக, "துணி குடுத்தா அதுல என்னடா தப்பு" என்று கேட்டார்.

படம் யூதர்களை மோசமாகக் காட்டவில்லையா என்று தம்பி கேட்டதுதான் கனமான விஷயம். அப்படித்தான் காட்டுகிறது என்று படம் வருவதற்கு முன்பே யூத அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. யூதத் தலைமைக் குருவும் கூட்டமும் கல் மாதிரி நிற்கிறார்கள், பிலாத்து மட்டும் தூக்கம் கெட்டுத் தவிக்கிற நல்ல மனிதனாக வருகிறான். வரலாற்றில் பிலாத்து அப்படிப்பட்ட ஆள் இல்லை, சமாரியர்களைக் கொன்ற விவகாரத்தில் பதவி போய் ரோமுக்குத் திரும்ப அழைக்கப்பட்டவன். "இவனுடைய இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும்" என்று மத்தேயு 27:25-இல் வரும் வரியைக் கூட்டம் அரமேயிக்கில் கத்துவது படத்தில் இருக்கிறது, கீழே எழுத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பழியை யூத இனம் முழுவதன் மேலும் போடக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-லேயே ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்துவிட்டது. படம் போடுகிற வீட்டில் யாராவது ஒருவர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மரியாளாக நடித்த ருமேனிய நடிகை மாயா மோர்கன்ஸ்டெர்ன் யூதர் என்று நான் சொன்னபோது அத்தைக்கு ஆச்சரியம், பாட்டிக்கு ஆச்சரியமே இல்லை. "மாதாவும் அந்தச் சாதிசனம்தானே" என்றார்.

கசையடிக் காட்சி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் பிரம்பு, அப்புறம் முள் வைத்த சாட்டை, முடிந்தது என்று நினைக்கும்போது ஆளைத் திருப்பிப் போட்டு மறுபடியும். அத்தை பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். என்னைக் கேட்டால் இதில் பாதி நீளம் போதும். இயேசு போதித்த மலைப்பொழிவும் சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவும் சில நொடி நினைவுகளாக வந்து ஓடிவிடுகின்றன, இவர் என்ன சொன்னதற்காக இப்படி அடிபடுகிறார் என்பது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் விளங்கும். தெரியாதவர்களுக்கு இது இரண்டு மணி நேரம் ஒரு மனிதனை வதைப்பது மட்டும்தான்.

ஆனால் அந்தத் தாய் வரும் இடமெல்லாம் வேறு படம். சிலுவையோடு விழுந்த மகனைப் பார்த்ததும், சின்ன வயதில் அவர் ஓடிவந்து விழுந்தது மரியாளுக்கு நினைவு வருகிறது. அன்றைக்குத் தூக்கப் பாய்ந்த மாதிரியே இன்றைக்கும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். அதுவரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா அந்த இடத்தில்தான் உடைந்து போனார். சத்தம் போட்டு அழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, "பெத்தவளால என்ன செய்ய முடியும், அடிக்கிறவன் அடிச்சுக்கிட்டே இருக்கான்" என்று மட்டும் சொன்னார். பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை இருவரும் கையை விடவில்லை. 2004-இல் இவரை ஏன் உள்ளே விடவில்லை என்று அப்போது எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

அதோடு, தச்சுப் பட்டறையில் இயேசு உயரமான மேசை செய்து மரியாளிடம் காட்டும் சின்னக் காட்சி. அம்மாவும் மகனும் கிண்டல் பண்ணிச் சிரிக்கிறார்கள், கை கழுவும்போது தண்ணீர் தெளித்து விளையாடுகிறார்கள். இதைப்போல இன்னும் நாலு காட்சி இருந்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும். இயேசுவாக வரும் ஜிம் கவீசல் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டேரா என்ற இத்தாலிய ஊரின் பழைய கல் தெருக்களை எருசலேமாக எடுத்திருக்கிறார்கள், நன்றாகப் பொருந்துகிறது.

வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். 2005-இல் கொடூரமான காட்சிகளைக் கொஞ்சம் வெட்டி, சில நிமிடம் குறைத்து இன்னொரு பதிப்பு வெளியிட்டார்கள். வயதானவர்கள் இருக்கிற வீடாக இருந்தால் அதைத் தேடி எடுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் போடாதீர்கள், எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.