வொர்த்தியா, கோல்மனா? பஃபலோ விட்டுக்கொடுத்த வேகம்

2024 ஏப்ரல் 25 இரவு, டெட்ராய்ட்டில் என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகின் அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் நிகழ்ச்சி. 28-வதாக எடுக்கும் இடம் பஃபலோ பில்ஸ் அணியின் கையில் இருந்தது. எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் முதன்மை வைட் ரிசீவரான ஸ்டெஃபான் டிக்ஸை மூன்று வாரம் முன்புதான் ஹூஸ்டனுக்குக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு ரிசீவர் கேப் டேவிஸும் ஜாக்சன்வில் போய்விட்டார். பில்ஸுக்கு ரிசீவர் வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். சேவியர் வொர்த்தியை அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை. கம்பைன் எனப்படும் தேர்வு முகாமில் 40 யார்டை 4.21 விநாடியில் ஓடி, அந்த முகாமின் சாதனையை அதற்கு முந்தைய மாதம்தான் உடைத்தவர் அவர்.

பில்ஸ் அவரை எடுக்கவில்லை. எடுக்காததோடு நிற்காமல், அந்த இடத்தையே கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்குக் கைமாற்றினார்கள். சீஃப்ஸ் வந்து வொர்த்தியைக் கூட்டிக்கொண்டு போனது. மூன்று மாதம் முன்பு பஃபலோவிலேயே வந்து 27-24 என்று பில்ஸை ப்ளேஆஃப் எனும் வெளியேற்றச் சுற்றிலிருந்து வெளியேற்றிய அதே சீஃப்ஸ். மறுநாள் 33-வது இடத்தில் பில்ஸ் எடுத்தது ஃப்ளோரிடா ஸ்டேட்டின் கியான் கோல்மனை. அவருடைய 40 யார்டு நேரம் 4.61.

நான் பில்ஸ் ரசிகன். அந்த இரவிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேகத்தை எடுத்திருக்க வேண்டுமா, உடம்பை எடுத்தது சரியா?

முதலில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். வொர்த்தி 5 அடி 11 அங்குலம், எடை 75 கிலோவுக்குப் பக்கம். கோல்மன் 6 அடி 3 அங்குலம், கிட்டத்தட்ட 97 கிலோ. காகிதத்தில் 0.4 விநாடி ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் ஒன்றாகப் புறப்பட்டால், வொர்த்தி 40 யார்டைத் தாண்டும்போது கோல்மன் சுமார் 4 யார்டு பின்னால் இருப்பார். காவலுக்கு நிற்கும் கார்னர்பேக் கையை முழுக்க நீட்டினாலும் எட்டாத தூரம் அது.

வேகக்கார ரிசீவரின் மதிப்பு அவர் பிடிக்கும் பந்தில் மட்டும் இல்லை என்பதுதான் இந்த விவாதத்தின் மையம். அவர் நேராக ஓடத் தொடங்கினால், ஆழத்தில் நிற்கும் கடைசித் தடுப்பாளரான சேஃப்டி பின்வாங்கியே ஆக வேண்டும். ஒரு சேஃப்டி போதாது என்று தோன்றினால் இரண்டு பேரைப் பின்னால் நிறுத்துவார்கள். அப்போது நடுவில் இடம் திறக்கும். அந்த இடத்தில் பந்தும் பிடிக்கும், ஆளையும் தடுக்கும் டைட் எண்ட் 12 யார்டு எடுப்பார், பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக் 6 யார்டு ஓடுவார். புள்ளிவிவரத்தில் அவர்கள் பெயர்தான் வரும், வேகக்காரர் பெயர் வராது. இது இன்று நேற்று வந்த சங்கதியும் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ், அடுத்த ஆண்டே டாலஸ் கவ்பாய்ஸுக்கு ஆடவந்து முதல் சீசனிலேயே 46 பந்துகளில் 1,003 யார்டு, 12 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளி) எடுத்தார். ஆளுக்கு ஆள் நின்று அவரைக் காக்க முடியாததால், எதிரணிகள் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்பை நாடவேண்டி வந்தது.

பில்ஸில் பந்தை எறியும் குவார்டர்பேக் ஜாஷ் ஆலன். அறுபது யார்டுக்கு அநாயாசமாக எறியும் கை. அப்படி ஒரு கை இருந்தும், எல்லாரையும் தாண்டி ஓடும் ஆள் அணியில் இல்லை. அந்த ஜனவரி ஆட்டத்தின் நான்காவது கால்பகுதியில் ஆலன் எறிந்த ஒரு நீண்ட பந்து டிக்ஸின் கைகளுக்குள் வந்து நழுவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் 28-வது இடம் வந்தபோது நான் வொர்த்தி, வொர்த்தி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். 75 கிலோ ஆளை ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே கார்னர்பேக் இரண்டு கையாலும் தள்ளி நிறுத்திவிட்டால், 4.21 எங்கே போகும்? வேகம் எடுக்க முதல் மூன்று அடி வேண்டும், அந்த மூன்று அடியைத்தான் மறுப்பார்கள். இன்னொன்று, எதிரணியின் கடைசி 20 யார்டுக்குள் போய்விட்டால் ஓட இடமே கிடையாது. சேஃப்டிக்குப் பின்வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அங்கே வேண்டியது உயரம், பலம், கூட்டத்துக்கு நடுவே எழும்பிப் பந்தைப் பறிக்கும் கை. கல்லூரியில் கடைசி ஆண்டு 50 பந்துகளில் 11 டச்டவுன் எடுத்த கோல்மன் அந்த வகை. கூடைப்பந்தும் ஆடியவர், அந்தத் துள்ளல் அவர் பந்து பிடிப்பதில் தெரியும்.

வேகத்தை மட்டும் நம்பி எடுத்து ஏமாந்த அணிகளும் உண்டு. 2009-ல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் 7-வது இடத்தில் மைக்கேல் கிராப்ட்ரீயை விட்டுவிட்டு, 4.30 ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பேயை எடுத்தது. முதல் சீசனில் அவர் பிடித்தது 9 பந்து. ஒப்பந்தத் தகராறில் தாமதமாக வந்து 11 ஆட்டம் மட்டுமே ஆடிய கிராப்ட்ரீ 48 பந்து பிடித்தார். 2017-ல் சின்சினாட்டி 9-வது இடத்தில் எடுத்த ஜான் ராஸ், வொர்த்திக்கு முன் 4.22 என்று அந்தச் சாதனையை வைத்திருந்தவர். முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அதற்கு அடுத்த இடமான 10, பில்ஸுடையது. அதையும் சீஃப்ஸுக்குத்தான் கொடுத்தார்கள். சீஃப்ஸ் எடுத்த ஆள், பிறகு அவர்களுக்குக் கோப்பைகள் வென்றுதந்த குவார்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ். 2024-ல் 28-வது இடம் சீஃப்ஸுக்குப் போகிறது என்று அறிவித்ததும் பில்ஸ் ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் இதுதான்.

இனி முதல் சீசன் கணக்கு. நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக வந்தது இங்கேதான்.

வொர்த்தி 59 பந்து, 638 யார்டு, 6 டச்டவுன். கோல்மன் 29 பந்து, 556 யார்டு, 4 டச்டவுன். மேலோட்டமாகப் பார்த்தால் வொர்த்தி முன்னால். ஆனால் ஒரு பந்துக்கு எத்தனை யார்டு என்று வகுத்துப் பாருங்கள். வொர்த்திக்கு 10.8. கோல்மனுக்கு 19.2. சாதனை வேகக்காரர் குட்டிக் குட்டிப் பந்துகளைப் பிடித்திருக்கிறார், மெதுவானவர் என்று எல்லாரும் சொன்னவர் நீண்ட பந்துகளைப் பிடித்திருக்கிறார்!

இதற்குக் காரணம் ஓட்டத்தில் இல்லை, அணிகளின் நிலைமையில் இருக்கிறது. சீஃப்ஸ் வொர்த்தியை எடுத்தது ஆழமாக ஓடி மிரட்டுவதற்கு. ஆனால் சீசன் தொடங்கும் முன்பே அணியின் மற்ற ரிசீவர்களில் ஹாலிவுட் பிரவுனுக்குத் தோளில் அடி, நான்காவது ஆட்டத்தில் ரஷீ ரைஸுக்கு முழங்காலில் அடி. இவர்கள் செய்ய வேண்டிய வேலையெல்லாம் புதுப்பையன் தலையில் விழுந்தது. பக்கவாட்டில் ஓடி வாங்கும் பந்து, முன்னால் தடுக்க ஆள் வைத்துக் கொடுக்கும் ஸ்கிரீன் பாஸ், கையில் கொடுத்து ஓடவிடுவது என்று அவரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்கு இது கைவந்த கலை. ஃபிலடெல்ஃபியாவில் டிஷான் ஜாக்சன், கான்சஸ் சிட்டியில் டைரீக் ஹில் என்று வேகக்காரர்களை வைத்தே தாக்குதலைக் கட்டியவர். வொர்த்தி என்எஃப்எல்லில் முதன்முதலாகத் தொட்ட பந்தே 21 யார்டு ஓடி டச்டவுன் ஆனது.

கோல்மனின் 19.2-க்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. அவருக்குப் பந்து வந்ததே குறைவு. மணிக்கட்டு அடியால் நான்கு ஆட்டம் போனது. வந்த பந்துகளில் பல, வேறு வழி இல்லாமல் ஆலன் தூரமாக எறிந்தவை. டென்னசிக்கு எதிராக 4 பந்தில் 125 யார்டு எடுத்த நாளும் உண்டு, ஆள் ஆடுகிறாரா என்று தேட வேண்டிய நாட்களும் உண்டு. காவலிலிருந்து விலகி நிற்க அவருக்குத் தெரியவில்லை என்று கல்லூரி நாளிலிருந்தே சொல்லப்பட்ட குறை, அந்த சீசனில் தீரவில்லை. கம்பைனில் ஓடிக்கொண்டே அடுத்தடுத்துப் பந்து பிடிக்கும் பயிற்சியில் ரிசீவர்களிலேயே அதிக வேகம் அவருடையதுதான் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பூட்ஸ் கட்டிக் கோட்டில் குனிந்து ஓடும் ஓட்டம் வேறு, பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவது வேறு.

பில்ஸ் நிர்வாகத்தின் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. வொர்த்தி இல்லாமலே அந்த சீசனில் பில்ஸ் 13 ஆட்டம் வென்றது. ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளிக்கு மேல். லீகின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது ஆலனுக்கு. ஆயிரம் யார்டு தாண்டிய ரிசீவர் ஒருவர்கூட இல்லை, கலீல் ஷகீர் 821 யார்டோடு முதலிடம். எல்லாருக்கும் பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தத் தாக்குதலில் வேகக்காரர் இல்லாத குறை நவம்பர் வரை தெரியவில்லை. நவம்பர் 17 அன்று அதே சீஃப்ஸை 30-21 என்று வென்றார்கள்.

2025 ஜனவரி 26, ஏஎஃப்சி இறுதி, அதாவது லீகின் ஒரு பாதிக்கான இறுதியாட்டம். எதிரணி மறுபடியும் சீஃப்ஸ். இந்திய நேரப்படி திங்கள் விடியற்காலை. இரண்டாவது கால்பகுதியில் மஹோம்ஸ் தூக்கி எறிந்த பந்தை வொர்த்தியும் பில்ஸ் சேஃப்டி கோல் பிஷப்பும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். பிஷப், கோல்மனை எடுத்த அதே நாளில் பில்ஸ் எடுத்த ஆள். தரையில் உருண்டபோது பந்து யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவர்கள் வொர்த்தியுடையது என்றார்கள். பில்ஸ் மறுபரிசீலனை கேட்டும் மாறவில்லை. அதே தாக்குதல் 11 யார்டு டச்டவுனில் முடிந்தது, பிடித்தவரும் வொர்த்திதான். அன்றைக்கு அவர் கணக்கு 6 பந்து, 85 யார்டு. சீஃப்ஸ் 32, பில்ஸ் 29. கடைசியில் பில்ஸுக்கு நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, வேண்டியது 5 யார்டு. சீஃப்ஸ் ஆட்களை அள்ளிவிட்டு ஆலன் மேல் பாய்ந்தது. அவர் பின்னால் ஓடிக்கொண்டே எறிந்த பந்து டைட் எண்ட் டால்டன் கின்கெய்டின் கையில் நிற்கவில்லை. அப்படி எல்லாரும் பாயும் நேரத்தில் முதல் இரண்டு விநாடிக்குள் விலகி நிற்கும் ஒருவர் இருந்திருந்தால் என்று இன்னமும் நினைக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் வொர்த்தி 8 பந்து, 157 யார்டு, 2 டச்டவுன். இதை வைத்து அவர் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. அவர் முதல் டச்டவுன் எடுக்கும்போது ஃபிலடெல்ஃபியா 34-0 என்று இருந்தது. ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு சேர்ந்த யார்டுதான் பெரும்பகுதி.

சரி, என் முடிவு? இவர்கள் இருவரில் ஒருவர் என்றால் வொர்த்தி. காரணம் அவர் 59 பந்து பிடித்தது இல்லை. ஆலனைப் போல எறியும் ஒருவருக்கு எதிராகச் சேஃப்டிகள் பயப்படாமல் முன்னால் வந்து நிற்கலாம் என்ற நிலைமையை அணி தானாக உருவாக்கிக்கொள்ளக் கூடாது. பந்தே வராவிட்டாலும் வொர்த்தி அந்தப் பயத்தைக் கொடுப்பார். கோல்மன் பந்து வந்தால்தான் பயன்.

ஆனால் இருவரில் ஒருவர் என்று கேட்டதிலேயே தப்பு இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. கோல்மனை அழைத்து முடித்த அடுத்த நிமிடம், 34-வது இடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் ஜார்ஜியாவின் லேட் மெக்கான்கியை எடுத்தது. 40 யார்டு 4.39. சாதனை இல்லை, ஆனால் போதும். அவருடைய பலம் ஓடுபாதையில் இருக்கிறது. ஒரு பக்கம் தோளைச் சாய்த்து மறுபக்கம் வெட்டும்போது காவல்காரர் நின்ற இடத்திலேயே நிற்பார். முதல் சீசனில் 82 பந்து, 1,149 யார்டு, 7 டச்டவுன். ப்ளேஆஃபில் ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 197 யார்டு. நடந்து முடிந்ததை வைத்துப் பேசுவது எளிது என்பார்கள். கல்லூரியில் முதுகுவலி, கணுக்கால் அடி என்று அவர் பல ஆட்டம் விட்டதும் உண்மை, அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் எப்படி விலகி நிற்கிறார் என்பது ஜார்ஜியா ஆட்டங்களைப் பார்த்த எல்லாருக்கும் அன்றே தெரிந்ததுதான். ரிசீவருக்கு வேண்டியது இடைவெளி. வொர்த்தி அதைக் காலால் எடுக்கிறார், மெக்கான்கி வெட்டி எடுக்கிறார், கோல்மன் இடைவெளியே இல்லாமல் சமாளிக்கப் பார்க்கிறார். இந்த மூன்றில் மூன்றாவது வழிதான் என்எஃப்எல்லில் மிகக் கடினம், பில்ஸ் எடுத்தது அதைத்தான்.

வியாபாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். சீஃப்ஸோடு செய்த மாற்றத்தில் பில்ஸுக்கு 133-வது இடம் 95-ஆக உயர்ந்தது. அப்புறம் கரோலைனாவோடு 32-லிருந்து 33-க்கு ஓர் இடம் பின்னால் போய் 200-ஐ 141 ஆக்கினார்கள். கெட்டிக்காரத்தனமான பேரம் என்றே அன்று பாராட்டினார்கள். ஆனால் முதல் சுற்றில் எடுத்தவரை நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்கு மேல் ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. 33-வது இடம் இரண்டாவது சுற்று, அங்கே அந்த உரிமை இல்லை. வொர்த்தியை 2028 சீசனுக்கும் வைத்துக்கொள்வதா என்று சீஃப்ஸ் 2027 மே மாத வாக்கில் சொல்ல வேண்டும். கோல்மன் விஷயத்தில் பில்ஸுக்கு அப்படிக் கேட்டுப் பார்க்கவே வழியில்லை.